டிஜிற்றல் கமராவைத் தெரிதல்

டிஜிற்றல் கமரா வாங்கக் கருதுவோர் எதனை வாங்கலாம் என எம்மை வினவுவதுண்டு. தமிழ் கற்பிப்போரிடம் இதனை வினவுவானேன் எனச் சிலர் வியத்தல் கூடும். பழைய இதழ்களைப் படம்பிடித்துப் பேணும் ஆர்வம் எமக்கு உண்டாதலின், யாம் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிற்றல் கமரா ஏறக்குறைய 3.6 கிலோகிராம் நிறையுடையது. 10,000 புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றை நாடாவிற் பதிய அதற்கு 23 வினாடி சென்றது. இன்றோ கைத்தொலைபேசியும் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை நொடியிற் பதிகின்றது. ஆயினும், வணிகர் எடுத்துரைக்கும் மெகாபிக்சல் எண்ணையே பலரும் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்கின்றனர்.

மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளி. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகளே வேண்டும். 12 மெகாபிக்சல் இதற்குப் போதும். மேலும், நீளம் அகலம் இரண்டும் ஒருங்கே பெருக வேண்டுமாதலின், நுண்மை இருமடங்காக வேண்டின் புள்ளிகள் நான்மடங்காதல் வேண்டும். எனவே 20க்கும் 24க்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பெரும்பொருள் செலவிடல் வீண்.

நோக்கத்தக்கவை ஒளியுணரியின் பரப்பும் வில்லையின் தரமுமாம். முழுச்சட்டக ஒளியுணரி 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. சிறிய கமராக்கள் சிலவற்றின் ஒளியுணரி 13.2 நீளமும் 8.8 அகலமுமே உடையது. முன்னையதன் பரப்பு பின்னையதைப்போல் ஏழு மடங்கிற்கும் மேலாகும். வாயகன்ற பாத்திரம் மழைநீரை மிகுதியாக ஏற்குமாப்போல அதுவும் ஒளியை மிகுதியாக ஏற்கும். வில்லையின் துவாரமும் அத்தகையதே. எஃப் 1.8 துவாரம் எஃப் 5.6 துவாரத்தைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உட்செலுத்தும். எண் சிறிதாயின் துவாரம் பெரிதென்க.

ஆதலின், வாங்குமுன் எதனைப் படம்பிடிக்கப் போகின்றோம் எனத் தம்மைத்தாமே வினவுக. இரவுத் திருவிழாவும் நாடக மேடையும் படம்பிடிப்போர்க்குப் பெரிய ஒளியுணரியும் அகன்ற துவாரமும் வேண்டும். விளையாட்டுப் போட்டிக்குத் தொலைவை அண்மையாக்கும் நெடுவில்லை வேண்டும். பகலொளியில் ஒரு தாளைப் படியெடுப்பதற்கோ கையிலுள்ள தொலைபேசியே போதும்; அவர் வேறு வாங்கவேண்டியதில்லை.

பெருநிறுவனங்கள் இப்போது ஆடியில்லாக் கமராக்களையே பெரும்பாலும் புதிதாக ஆக்குதலின், ஆடியுடையவை பாவித்த பொருளாக மலிவாய்க் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் வில்லையினூடு மின்சூள் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தல் வேண்டும். ஈரலிப்பான நம் நாட்டில் வில்லையினுள் பூஞ்சணம் சிலந்திவலைபோற் படர்வதுண்டு. வாங்கியபின் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் நன்று.

படியெடுத்தலின் அருமையை நம்மவர் இழப்பினால் அறிந்தவர். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தது ஏட்டுச்சுவடிகளைத் தேடிக்கண்டதன் பயன். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோதோ ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாதவை மீளா. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் டிஜிற்றல் வடிவிற் பேணிவருகின்றது.

பழைய மாணவர் இல்லங்களிலும் எமது கல்லூரியின் முன்னை மலர்களும் வகுப்புக் குழுப்படங்களும் செல்லரித்துக் கிடத்தல் கூடும். சாளரத்தருகே, நேர்வெயில் படாவண்ணம் அவற்றை விரித்து, கமராவை முக்காலியில் நிறுத்திப் படம்பிடிக்குக. படிகளை ஈரிடங்களில் வைக்குக. விலையுயர்ந்த கமரா வரட்டும் எனக் காத்திருத்தல் வேண்டா, கறையான் காத்திராது.