இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது?

நான் புக்ககம் வந்த புதிதில், எங்கள் குத்தாலம் வீட்டு வாசல் கதவைப் பகலில் யாரும் பூட்டியதில்லை. திண்ணையில் மாமனார், ரேழியில் மாமியார், கொல்லையில் யாராவது ஒருத்தர் என்று எப்போதும் ஆள் இருப்பார்கள். கல்யாணம், காட்சி என்று எல்லோருமாகக் கிளம்பினால்தான் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு வெளியே வரும். அதன் இரும்புச் சாவி அத்தையின் இடுப்பை விட்டு இறங்காது.

பிறகு தனிக் குடித்தனம் வந்தோம். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் புதுப் பூட்டு ஒன்றை வாசல் கதவில் போட்டோம். மூன்று சாவி கொடுத்தார்கள். ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். மூன்றாவதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு!

ஒரு சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அடுப்பில் பால். கூடத்தில் இரண்டு வயது மகன் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். வாசல் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடினேன். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. என் சாவி அடுக்களை ஆணியில். மூன்றாவது சாவி பீரோவுக்குள். அவரோ கும்பகோணத்தில்.

குழந்தை கதவைத் தட்டி அழுகிறான். அவனுக்குப் பிடி எட்டவில்லை. பால் தீய்ந்த வாசனை வர ஆரம்பித்துவிட்டது. என் கூச்சல் கேட்டு அடுத்த வீட்டு அக்காவின் மகன் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து, அடுக்களை ஓட்டைப் பிரித்து இறங்கி, முதலில் அடுப்பை அணைத்தான். பிறகு கதவைத் திறந்தான். பாத்திரம் கரியாகிவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் என் கை நடுக்கம் இரவு வரை நிற்கவில்லை.

மறுநாள் அத்தை வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஏம்மா, பூட்டின வீட்டுக்குள்ளயே இருந்தா அது எப்படிம்மா மாத்துச் சாவி?"

இருபது வருஷமாகியும் அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

எங்கே வைக்கக் கூடாது?

வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும் என்றதும், பலருக்கு நினைவு வருவது எரவாணம்தான். நான் பிறந்தபோது எங்கள் ஊர் தஞ்சை ஜில்லா. 1991இல் நாகை, 2020இல் மயிலாடுதுறை என்று மாவட்டம் மாறியது. சாவி வைக்கிற இடம் மட்டும் மாறவில்லை! எரவாணம், நிலைப்படியின் மேல், மிதியடிக்கு அடியில், துளசி மாடம், பூந்தொட்டி, மீட்டர் பெட்டி - நமக்குத் தோன்றுகிற இடமெல்லாம் திருடனுக்கும் தோன்றும். பால்காரர் பார்க்க ஒரு நாள் எடுத்தாலும் ரகசியம் போச்சு.

யாரிடம் கொடுப்பது?

கூப்பிட்டால் ஓடி வருகிற தூரத்தில், பெரும்பாலும் வீட்டில் ஆள் இருக்கிற ஒரு குடும்பத்திடம் கொடுங்கள். ஒரே ஒரு வீடு போதும். நாங்கள் அந்த அக்காவிடம் கொடுத்தோம்; அவர்கள் வீட்டுச் சாவி எங்களிடம். இரு பக்கமும் இருந்தால் கேட்கக் கூச்சமும் இராது.

சாவியில் பெயர், விலாசம், கதவு எண் எழுதிக் கட்டாதீர்கள். தவறி விழுந்தால் எடுத்தவருக்கு நாமே வழி சொன்னதாகும். அடையாளத்துக்கு ஒரு கலர் நூல் போதும். சாவியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம். பற்களின் வெட்டு தெளிவாகத் தெரிந்தால் படத்தைப் பார்த்தே மாற்றுச் சாவி செய்துவிட முடியும்.

ஊருக்குப் போகும்போது அவர்களிடம் திரும்பி வரும் நாளைச் சொல்லுங்கள். பல நாள் வீடு பூட்டியிருக்குமானால், போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

சில கைப்பழக்கங்கள்

* மாற்றுச் சாவி போட்டால், வேலை முடியும்வரை கடையிலேயே நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே போட்டுத் திருப்பிப் பாருங்கள். சரியாக வெட்டாத சாவி, அவசரத்தில் காலை வாரிவிடும்.

* நம் காவிரிக் கரை ஈரத்துக்கு இரும்பு சீக்கிரம் துரு ஏறும். ஆடிப்பெருக்குக்கு ஒரு தரம், பொங்கலுக்கு ஒரு தரம் மாற்றுச் சாவியை வாங்கிப் போட்டுப் பாருங்கள். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழியில் உறைந்து, தூசியும் பிடிக்கும். தொங்கு பூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கதவுப் பூட்டுக்குப் பென்சில் கரித்தூள் கொஞ்சம் சாவியில் தடவினால் போதும்.

* வாடகை வீட்டுக்குக் குடி போனால், உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றுங்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ!

* பாங்க் லாக்கரில் நம் சாவிக்கு பாங்கில் நகல் கிடையாது. தொலைந்தால் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். உடைத்துத் திறக்கும் செலவும் நம்முடையதுதான்.

* குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு சாவியும் இல்லாவிட்டால், தயங்காமல் 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்புக்காரர்கள் இதற்கும் வருவார்கள்.

தாழ்ப்பாளும் கவனம்!

போன வருஷம் ஐப்பசியில் துலாக் கட்ட முழுக்குக்காக மயிலாடுதுறை போயிருந்தோம். கூட்டம் ஆகாதென்று அத்தை வீட்டில் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். முனகல் கேட்டு, அடுத்த வீட்டு அக்கா எங்கள் சாவியால் திறந்து உள்ளே போய்த் தூக்கியிருக்கிறாள். கை எலும்பில் விரிசலோடு போயிற்று.

அத்தை உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் அந்தச் சாவி இருந்தும் பயனில்லை. வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் பூட்டு மட்டும் போதும், தாழ் வேண்டாம் என்று பழக்குங்கள். குளியலறைக் கதவையும் வெறுமனே சாத்தினால் போதும். சில பூட்டுகளில் உள்பக்கத் துவாரத்தில் சாவி இருந்தாலே வெளிச் சாவி நுழையாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்ட கையோடு அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்பத்தாம்மா அது மாத்துச் சாவி!"

சகோதரிகளே, இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது?