ஜேன் டோர்வில்

ஜேன் டோர்வில் (பிறப்பு: அக்டோபர் 7, 1957) இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரைச் சேர்ந்த பனிநடன வீராங்கனை. கிறிஸ்டோபர் டீனுடன் இணைந்து 1981 முதல் 1984 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றார்.

பனிச்சறுக்கின் இணையர் பிரிவில் ஆண், பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கலாம். பனிநடனத்தில் அதற்கு இடமில்லை. காலடியும் தாளமுமே இங்கு முதன்மை.

தொடக்கத்தில் டோர்வில் காப்பீட்டு நிறுவன எழுத்தர், டீன் காவலர். பணிநேரம் போகவே பயிற்சி. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்றபின் இருவரும் வேலையை விட்டனர். நிலையான சம்பளத்தைக் கைவிடுவது சிறிய துணிவன்று. நாட்டிங்காம் நகர மன்றத்தின் நிதியுதவி கைகொடுத்தது.

1984 பிப்ரவரி 14 அன்று சரஜேவோ ஒலிம்பிக்கில் ராவெலின் 'பொலேரோ' இசைக்கு ஆடினர். கால் மணி நேர இசையை எவ்வளவு சுருக்கியும் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழ் கொண்டுவர முடியவில்லை. விதி அனுமதித்ததோ 4 நிமிடம் 10 விநாடி. ஆனால் அன்றைய விதிப்படி காலணியின் அலகு பனியில் பட்டுச் சறுக்கத் தொடங்கும்போதுதான் நேரக்கணக்கு தொடங்கியது. ஆகவே முதல் 18 விநாடிகள் மண்டியிட்டபடியே உடலை மட்டும் அசைத்தாடினர். மிக அழகான தொடக்கமாகப் பலர் வியந்தது, உண்மையில் விதியைச் சமாளிக்கப் பிறந்த வழி. கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் 6.0 வழங்கினர், தங்கம் கிடைத்தது.

பின்னர் தொழில்முறைக் கலைஞர்களாயினர். விதி தளர்ந்ததால் 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்குக்குத் திரும்பி வெண்கலம் பெற்றனர்.

அவர்கள் வென்ற செத்ரா அரங்கம் பொசுனியப் போரில் சிதைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. 2014இல் இருவரும் சரஜேவோ சென்று 'பொலேரோ'வை மறுபடி ஆடினர்.