சோர்வு யாருடைய குற்றம்?

நமது பெரிய ஆஸ்பத்திரிகளில் பட்ட மேற்படிப்புப் படித்துக்கொண்டே நோயாளிகளைக் கவனித்துவரும் இளம் டாக்டர்கள், தொடர்ந்து 24 மணி நேரமும், சில சமயங்களில் 36 மணி நேரமும் கண் விழித்து வேலை செய்வது சர்வ சாதாரணமாகிவிட்டது. அவர்களில் ஒருவர் மனமுடைந்து விழுந்தால், நிர்வாகத்தார் உடனே யோகாசன வகுப்பு ஏற்பாடு செய்கிறார்கள்; மனோதைரியத்தைப் பற்றி உபந்நியாசம் செய்விக்கிறார்கள். யோகத்தின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நேற்றுக் காலை வேலைக்கு வந்து இன்று மாலை வரையில் வீடு திரும்பாதவர் அந்த வகுப்புக்கு எப்பொழுது போவார் என்றுதான் கேட்கிறோம்.

இச்சோர்வைத் தனி மனிதரின் பலவீனமாகக் கொள்வதே முதற் பிழை. 1974-ல் நியூயார்க் மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், இலவச வைத்தியசாலை ஊழியர்களிடையே இதைக் கண்டு எழுதினார். சோம்பேறிகளல்ல, மிகுந்த சிரத்தையுடன் உழைக்க வந்தவர்களே இதற்கு இரையாகிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதனை வியாதியென்று கூறாமல், வேலை ஸ்தலத்தில் சரிவரக் கவனிக்கப்படாமல் நீடித்த நெருக்கடியின் விளைவென்றே வகுத்தது.

அந்நெருக்கடியின் காரணங்களை, அறிஞர்களான கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் ஆகிய இருவரும் 1997-ல் வெளியிட்ட நூலில் ஆறாக வகுத்தனர்: தாங்க முடியாத வேலைப் பளு, தன் வேலையின்மேல் தனக்கு அதிகாரமின்மை, உழைப்புக்கேற்ற பலனின்மை, சகாக்களிடையே ஒற்றுமைக் குலைவு, நியாயமின்மை, கொள்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள முரண். இவற்றில் ஒன்றேனும் தனி மனிதர் தாமே தீர்த்துக்கொள்ளக் கூடியதா?

ஆஸ்பத்திரியில் இவை எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். காலியான ஸ்தானங்கள் நிரப்பப்படுவதில்லை. அந்த வேலையும் இருப்பவர் தலையில் விழுகிறது. ரத்த மாதிரியைச் சோதனைச்சாலைக்கு எடுத்துச் செல்ல ஆளில்லாவிட்டால் டாக்டரே ஓடுகிறார். முறைப் பட்டியலை மேலே உள்ளவர் எழுதுகிறார். கீழே உள்ளவரைக் கேட்பதில்லை. முறையிட்டால், “நாங்களும் இப்படித்தான் கற்றோம்” என்று பதில் வருகிறது. முறையீட்டைக் கேட்பவரே பரீட்சையில் மார்க்குப் போடுபவராகவும் இருந்தால், யார்தான் வாய் திறப்பார்?

1984-ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் 18 வயதுப் பெண் ஒருத்தி, சேர்க்கப்பட்ட சில மணி நேரத்திற்குள் இறந்தாள். அவளைக் கவனித்தவர்கள் நீண்ட நேரம் ஓய்வின்றி வேலை செய்துவந்த பயிற்சி டாக்டர்கள். வழக்கை ஆராய்ந்த கிராண்டு ஜூரி 1986-ல் அந்த டாக்டர்கள்மீது குற்றம் சாட்டவில்லை. நீண்ட வேலை நேரத்தையும் மேற்பார்வைக் குறைவையும் கண்டித்தது. 1989-ல் அந்த ராஜ்யம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ந்தாற்போல் 24 மணி என்று வரம்பு விதித்தது. அவ்வரம்புகளும் அதிகமே. ஆயினும் குற்றம் ஆளிடத்திலன்று, ஏற்பாட்டிலே என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

நம் தேசத்தில் விதி இல்லாமலில்லை. பயிற்சி டாக்டர்களின் தொடர்ந்த வேலை சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேற்படலாகாதென்று 1992-லேயே மத்திய சுகாதார இலாகா உத்தரவிட்டது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளிலோ எண்ணைக் காணோம். “நியாயமான நேரம்” என்ற சொல்லே இருக்கிறது. எண் குறியாத அச்சொல்லுக்கு அதிகாரமுள்ளவர் சொன்னதே பொருள் என்பதைச் சட்டம் பயின்றோர் அறிவர். 2024-ல் அவ்வாணையம் நியமித்த குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாமென்று சிபாரிசு செய்தது. 48 எங்கே, 74 எங்கே! 1992-ஆம் வருஷத்து உத்தரவு என்ன கதியடைந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வரும் ஜனங்களின் திரள் குறையாதே, டாக்டர்களுக்கு ஓய்வு கொடுத்தால் நோயாளிகளை யார் பார்ப்பார் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் அது அதிக டாக்டர்களை நியமிப்பதற்குக் காரணமாகுமே யன்றி, இருப்பவரைப் பிழிவதற்குக் காரணமாகாது. உறக்கமின்றித் தள்ளாடும் கை எழுதும் மருந்துச் சீட்டை ஏழை நோயாளிதான் விழுங்குகிறான் என்பதை மறக்கலாகாது.

ஆகவே, உண்மையில் வேலை செய்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு ஒவ்வொரு பிரிவிலும் வேண்டும். காலி ஸ்தானங்களை உடனே நிரப்ப வேண்டும். முறையீட்டைப் பரீட்சகரல்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். வரம்பு மீறினால் தண்டனை பிரிவுத் தலைவருக்கும் நிர்வாகத்துக்கும் உரியதாக வேண்டும்.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர், ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் வேலை நிறுத்தம் செய்து, வாரத்தில் ஒரு நாள் ஓய்வைப் பெற்றார்கள். அந்நிய முதலாளியிடம் அன்று வாதாடிப் பெற்ற உரிமைக்காக, சுதந்திர நாட்டில் உயிர் காக்கும் டாக்டர் இன்றும் மனுப் போட்டுக் காத்திருப்பது நமக்குப் பெருமை தருவதன்று. 1992-ஆம் வருஷத்து உத்தரவை அமுல் நடத்தும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.