மூலக்கோப்பில் இல்லாத எண்

கணிதத்திலும் இயற்பியலிலும் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களில் பலர் வேர்டைத் திறப்பது அபூர்வம். அவர்களுக்கு லேடெக்தான். தன் நூலின் புதிய பதிப்புக்கு 1977இல் வந்த புரூஃப் தாள்களின் அச்சு பிடிக்காமல் போனதால் டொனால்ட் நூத் உருவாக்கிய அச்சுக்கோப்பு மென்பொருள் டெக். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பிய மாடி லேடெக்.

சிக்கல், கட்டுரை கைமாறும்போது வருகிறது. இதழாசிரியர் வேர்டு கோப்பு கேட்பார். திருத்தங்களைக் குறிக்க ‘டிராக் சேஞ்சஸ்’ வேண்டும் என்பார் வழிகாட்டிப் பேராசிரியர். லேடெக் தரும் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் வந்துவிடும், சமன்பாடுகள் சிதறும். [12] என்ற மேற்கோள் வெறும் எண்ணாக நிற்கும். நடுவில் ஒரு நூலைச் சேர்த்தால், பின்னால் உள்ள எண்களையெல்லாம் கையால் மாற்ற வேண்டியதுதான்.

உண்மையில் லேடெக் மூலக்கோப்பில் அந்த 12 எங்குமே கிடையாது. எழுதியவர் அங்கே ‘நூத்1984’ போன்ற ஓர் அடையாளப் பெயரை மட்டும் வைத்திருப்பார்; நூல் விவரங்கள் தனிக் கோப்பில் இருக்கும். ஓரன் பட்டாஷ்னிக் 1985இல் எழுதிய பிப்டெக் அவற்றைத் தேடியெடுத்துப் பட்டியலாக்கும். அதன்பின் லேடெக்கை இன்னும் இரண்டு முறை ஓட்டினால்தான் எண் பக்கத்தில் ஏறும். புது மாணவர்கள் [?] என்ற குறியைப் பார்த்துத் திகைப்பது இங்கேதான்.

லேடெக் கோப்பை வேர்டாக மாற்ற இப்போது பலரும் நாடுவது பான்டாக். இதை எழுதத் தொடங்கியவர் கணினித் துறைக்காரர் அல்ல. பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மேக்ஃபார்லேன். 2006இல் வெளிவந்த இந்த இலவச மென்பொருள் இந்த மாற்றத்துக்கு லேடெக்கை ஓட்டுவதே இல்லை. மூலக்கோப்பை வாசித்து, இது தலைப்பு, இது சமன்பாடு, இது மேற்கோள் என்று பிரித்துக்கொண்டு, வேர்டு கோப்பைப் புதிதாக எழுதுகிறது. சமன்பாடுகளை வேர்டிலேயே திருத்தலாம். ‘சைட்பிராக்’ என்ற விருப்பத்தோடு நூல் விவரக் கோப்பையும் காட்டினால் மேற்கோள்கள் நிரம்பும், பட்டியலும் கடைசியில் சேரும். விவரம் கிடைக்காத பெயரைத் தடித்த எழுத்தில் கேள்விக்குறியோடு விட்டுவைக்கும். நல்ல பழக்கம்!

மேற்கோளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பிப்டெக்கின் பாணிக் கோப்பு மட்டும் இங்கே செல்லாது. சிஎஸ்எல் பாணிக் கோப்பு வேண்டும். ஆயிரக்கணக்கான இதழ்களுக்கு அவை இலவசமாகக் கிடைக்கின்றன. எதையும் குறிப்பிடாவிட்டால் சிகாகோ முறைப்படி ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும். [12] எங்கே என்று தேட வேண்டாம்.

கட்டளைகளாலேயே வரைந்த டிக்ஸ் படங்களைப் பான்டாக் கைவிட்டுவிடும். அவற்றைத் தனியே படமாக்கிச் செருக வேண்டும். ‘சமன்பாடு 4ஐப் பார்க்க’ போன்ற சுட்டல்களையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பான்டாக் தரும் மேற்கோள்களும் வேர்டில் சாதாரண எழுத்துகளே. ஆனால் நூல் விவரங்களை ஜோட்டெரோ என்ற மென்பொருளில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: அதன் ‘பெட்டர் பிப்டெக்’ துணைநிரலுக்கான வடிகட்டியைப் பான்டாக்கில் இணைத்துவிட்டால், அந்த மேற்கோள்களை வேர்டுக்குள்ளிருந்தே புதுப்பித்துக்கொள்ளலாம்.