அடிபுதை அரணம்

வெள்ளவத்தையிலே கடலையும் புகையிரதப் பாதையையும் ஒட்டிச் செல்லும் மரைன் டிரைவ் வீதியில், வைகறைப் பொழுதில் ஓடுவோர் பலர். அவர்களுள் ஐம்பத்தைந்து வயதான தமிழ்ப் பண்டிதன் ஒருவனும் உளன். வேட்டியைக் களைந்து காற்சட்டையோடு தெருவில் இறங்குவதே அவனுக்குப் பெரும் நாணம். காலிலே சப்பாத்தும் இல்லையென்றால் காண்போர் நகையாது என் செய்வர்? அந்தப் பண்டிதன் நானே. அண்மையில் ஒருநாள் என் பழைய மாணாக்கர் ஒருவர் எதிரே ஓடி வந்தவர் நின்றுவிட்டார். "என்ன சேர், செருப்போட ஓடுறீங்கள்? சப்பாத்து கிழிஞ்சு போச்சோ?" என்றார்.

அவர் செருப்பென்றது பிழையன்று. ஆறு மில்லிமீற்றர் தடிப்பான இறப்பர்த் தகடொன்றைப் பாதத்தின் அளவுக்கு வெட்டி, மூன்று துளையிட்டு, ஒரு வாரைக் கோத்திருக்கிறது, அவ்வளவே. வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே எழுந்து, புறங்காலைக் கடந்து, குதிகாலைச் சுற்றி வந்து இறுகுகிறது. குதிக்கு மெத்தையில்லை, உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கலில்லை. வீட்டில் நாம் போடும் இறப்பர்ச் செருப்பில் இவ்வாறு ஓட இயலாது. அது குதியை விட்டு விலகிச் 'சடக், சடக்' என்று அடிக்க, விரல்கள் அதனைப் பற்றிக் காப்பதிலேயே களைத்துப் போகும்.

முதற்சோடியை ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகன் அனுப்பினான். விலையைக் கேட்ட என் மனைவி அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் தெருவோரத்திற் குடை விரித்திருந்து சப்பாத்துத் தைக்கும் பெரியவர் ஒருவர் அதை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். மறுநாள் அதுபோல ஒன்றை வெட்டித் தந்துவிட்டார். இருபதில் ஒரு பங்கு விலை. இன்று நான் ஓடுவது அவர் செய்ததிலேதான்.

சப்பாத்து என்பது போர்த்துக்கீசர் நமக்கு விட்டுச் சென்ற சொல். அவர்கள் வருமுன் நம்மவர் யாவரும் வெறுங்காலினர் என்று எண்ணிவிடலாகாது. தொடுதோல் என்றும் அடிபுதை அரணம் என்றும் சங்கச் செய்யுள்களிற் செருப்புக்குப் பெயருண்டு. அடியை மறைக்கும் காவல் ஆதலின் அடிபுதை அரணம். பெரும்பாணாற்றுப்படையிலே வழிச்செல்லும் வணிகர் அதனை அணிந்து வருகின்றனர். பதிற்றுப்பத்திலோ செருப்பு என்பது பூழி நாட்டு மலையொன்றின் பெயர். இது காலில் மிதிக்கும் செருப்பன்று என்று புலவரே குறிப்பால் விலக்கியிருப்பதை வகுப்பிற் சொல்லும்போது பிள்ளைகள் சிரிக்காத ஆண்டில்லை. அது நிற்க.

ஓடுதற்கென்றே இத்தகைய செருப்பைக் கட்டுவோர், வட மெக்சிக்கோவின் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் வாழும் ராறாமுரி என்னும் பழங்குடியினர். பழைய டயரை வெட்டித் தோல்வாரிட்டுக் கொள்வர். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லெட்வில் என்னும் ஊரிலே, மலைவழியாக 100 மைல் ஓடும் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் அவ்வினத்து விக்டோரியானோ சூரோ. காலிலே டயர்ச் செருப்பு, வயது 55. என் வயதேதான்! 2009இல் கிறிஸ்தோபர் மக்டூகல் என்பார் எழுதிய நூலொன்று இம்மக்களை உலகறியச் செய்ய, மெல்லிய செருப்பு மேல்நாட்டில் ஒரு புதுச் சமயம் போலாயிற்று.

நான் அச்சமயத்தைச் சார்ந்தவனல்லன். 1960இல் உரோமாபுரியில் எதியோப்பியரான அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மரதனை 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் ஓடி வென்றதைப் பலரும் பேசுவர். 1964இல் தோக்கியோவிலே அவர் சப்பாத்தணிந்து, 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வென்றதை ஏனோ பேசார். ஹார்வர்டுப் பேராசிரியர் டானியல் லிபர்மன் 2010இல் வெளியிட்ட ஆய்வும் அடக்கமானதே. வெறுங்காலில் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் குதியை முதலில் ஊன்றுவதில்லை. முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ ஊன்றுகின்றனர். ஆதலால் நிலம் காலைத் தாக்கும் முதல் அதிர்ச்சி அவர்க்குக் குறைவு என்றார். நோவே வாராது என்றாரல்லர். என் அனுபவத்தில் நோவு இடம் மாறியது. முழங்கால் தப்பியது, கெண்டைக்கால் அகப்பட்டது. முதற்கிழமை ஐந்நூறு மீற்றருக்கு மேல் ஓடவில்லை. அதற்கே மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடினேன்.

பின் ஏன் இந்த வீம்பு என்று கேட்பீர்கள். என் தந்தையாரின் காலில் ஒரு நாள் முள் தைத்தது. அவருக்கு அது தெரியவில்லை. நீரிழிவு அவருடைய உள்ளங்காலின் உணர்வை முன்னமே கவர்ந்திருந்தது. அம்முள்ளினால் வலக்காற் பெருவிரல் போயிற்று. அந்நோய் ஐம்பதாவது வயதில் என்னையும் வந்தடைந்தது. மருத்துவர் என்னைக் கண்மூடச் செய்து, பத்துக் கிராம் விசைக்கு வளையும் நைலோன் இழையொன்றினால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டார். தொட்ட போதெல்லாம் சொன்னேன். உணர்வு குறைவின்றி இருந்தது. ஆயினும் வெறுங்கால் கூடாது, வீட்டினுள்ளும் கூடாது என்றார். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் வீதியை நண்பகலில் வலம்வருவது அன்றோடு நின்றது. இப்பொழுது விடியற்பூசைக்கே செல்கிறேன். மெல்லிய செருப்பை அவர் விரும்பவில்லை. இரவுதோறும் உள்ளங்காலைப் பார்ப்பதென்றும், உணர்வு சற்றுக் குறையினும் இதனை விட்டொழிப்பதென்றும் உறுதி வாங்கிக்கொண்டே இசைந்தார். இந்நோயுடைய வாசகர்கள் என்னைப் பார்த்து இதனைக் கட்டிவிடவேண்டா; முதலில் அந்த இழையின் முன் காலை நீட்டுங்கள். எனக்கோ, தெருவிற் கிடக்கும் சிறு சல்லிக்கல் உறுத்தும்போது ஓர் ஆறுதல். இரவிலே என் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பாதத்தைப் பார்க்கிறாள்; வாய் மட்டும் செருப்பை வைதுகொண்டேயிருக்கும்.

ஓடும்போது நினைவுக்கு வரும் ஒருவன் உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளின் முன் நான் கற்பித்த பாடசாலையொன்றிலே, மலையகத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் மாமனோடு தங்கிப் படித்த சிறுவன். பயிற்சியின்போது வெறுங்காலோடு எல்லோரையும் முந்துவான். முந்தின ஆண்டு ஒரு பிள்ளையின் காலில் போத்தல் ஓடு வெட்டியதால், சப்பாத்தில்லாதோர் ஓடலாகாது என்று அவ்வாண்டு விதி செய்திருந்தனர். தொடக்கக் கோட்டிலே பெயர் சரிபார்த்தவன் நான். "சேர், நான் இப்பிடியே ஓடிருவேன் சேர்" என்றான். விதி விதிதான், தம்பி என்றேன். வேலியோரம் அமர்ந்து பந்தயம் முடியும் வரை பார்த்திருந்தான். வென்றவனுக்குக் கைதட்டியதையும் கண்டேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. ஏனென்று நான் விசாரிக்கவுமில்லை.

சென்ற ஆண்டு விடுமுறையிலே கண்டிக்கு மேலே ஹந்தானைக்குச் சென்றேன். பீகோ பாதை எனப்படும் நடைவழி அங்கே தொடங்குகிறது. பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. இத்தோட்டங்களுக்கென வந்தவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள். அதன் 200ஆம் ஆண்டு நினைவாக, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தனர்.

தார்த்தெருவிற் பழகிய செருப்பு மலைப்பாதையில் என்னை நாணச் செய்தது. மழை பெய்திருந்தது. சேறு உட்புகப் பாதம் தகட்டின்மேல் வழுக்கிற்று. இறக்கத்திலே விரல்கள் வாரைத் தாண்டி முன்னே பாய்ந்தன. ஓட்டம் நடையாயிற்று. கொழுந்துச் சாக்கோடு எதிரே வந்த அம்மையார் ஒருவர் என் காலைப் பார்த்து நின்றார். அவர் காலிலே முழங்கால் வரை உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்து.

"ஐயா, சப்பாத்து வாங்கக் காசு இல்லீங்களா?" கேலியன்று; மெய்யான இரக்கம்.

வேண்டியே அணிந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. "எங்கம்மா காலமெல்லாம் வெறுங்காலு தான். அட்டை கடிச்சு ரத்தமா ஓடும். இது மகன் வாங்கிக் குடுத்தது" என்று தம் சப்பாத்தைத் தரையில் ஒருமுறை தட்டிக் காட்டினார்.

அந்தச் சிறுவனுடைய பெயரைச் சொல்லிக் கேட்க வாயெடுத்தேன். எந்தத் தோட்டம் என்று அவர் திருப்பிக் கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குள் அவர் மடியிலிருந்த சவர்க்காரத் துண்டொன்றை எடுத்து நீட்டிவிட்டார்.

"விரல் இடுக்குலயும் தேச்சுக்கங்க ஐயா. அங்கதான் மொதல்ல ஏறும்."

கல்லொன்றில் அமர்ந்து வாரை அவிழ்த்தேன். ஓர் அட்டை ஏறியே இருந்தது.