பிரித்த கடலும் சேர்க்கும் கடலும்

சிங்கப்பூர்த் தமிழர் வீட்டில் இன்று கணவனும் மனைவியும் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் ஏதாவது ஒரு கடற்கரையில் போய் நிற்கும். பாலி, புக்கெட், லங்காவி, பிந்தான். கையில் கொஞ்சம் கூடுதலாகச் சேமிப்பு இருந்தால் மாலத்தீவு. இவர்களுடைய தாத்தா பாட்டிக்கும் கடல் நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் அறிந்த கடல், கணவனை ஒரு கரையிலும் மனைவியை மறு கரையிலும் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்த கடல். அதே கடலுக்கு இன்று இருவரும் கைகோத்துப் போகிறார்கள். விமானக் கட்டணம் குறைந்ததால் வந்த மாற்றம் என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து கழிப்பதற்கு நேரம் கிடைத்த கதை என்றே இதைச் சொல்வேன்.

டெக் டிக்கெட் காலம்

1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர் இந்தியர்களில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்கள் இருந்தார்கள். 1957-இலும் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்களுக்கு மேல். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நகராட்சிக்குச் சாலை போட்டவர்கள், செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தவர்கள், சிராங்கூன் சாலையில் கடைக்குப் பின்னாலேயே படுத்து எழுந்தவர்கள்: இவர்களில் பலருக்குத் திருமணம் ஆகியிருந்தது. மனைவி தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ ராமநாதபுரத்திலோ மாமியார் வீட்டில் இருந்தாள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணவன் ஊருக்குப் போவான். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவான். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வந்து சேரும்.

அந்தப் போக்குவரத்தைச் சுமந்த கப்பல்களில் தமிழர் நாவில் நிலைத்த பெயர் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. கேபினில் வந்தவர்கள் சிலர். டெக் டிக்கெட்டில் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பாயை விரித்து, ஒரு வாரத்துக்கும் மேல் கப்பல் தளத்தில்தான் வாழ்க்கை. வாந்தியும் உப்புக் காற்றும் பக்கத்துப் பாயில் அழும் குழந்தையும் கூடவே வரும். வந்து சேர்ந்தாலும் உடனே ஊருக்குள் விட்டுவிட மாட்டார்கள். கப்பலில் தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் டெக் பயணிகளைச் செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி, தனிமைப்படுத்தித் தங்க வைப்பார்கள். பிற்காலத்தில் காதலர்களும் குடும்பங்களும் சோற்றுப் பொட்டலத்தோடு படகேறிப் போகும் தீவு அதே தீவுதான்.

1953-இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்தியாவிலிருந்து வருவோருக்கான வாசலை வெகுவாகக் குறுக்கியது. மனைவியை அழைத்துக்கொள்ளலாமா, நாமே ஊர் திரும்பிவிடலாமா என்ற கேள்வியைப் பல குடும்பங்களால் அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. அழைத்துக்கொண்டவர்கள் இங்கே வேர் பிடித்தார்கள். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, கடற்படைத் தளத்து ஊழியர்கள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்கே கப்பல் ஏறினார்கள்.

அந்தக் காலத்துத் தம்பதி சேர்ந்து வெளிநாடு போனார்கள் என்றால் அது ஊருக்குப் போனதுதான். தங்கை கல்யாணம், பிள்ளைக்குக் காது குத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல், இல்லாவிட்டால் ஒரு சாவு. அதற்காகச் சீட்டுக் கட்டுவார்கள். பெட்டி நிறைய கோடாலித் தைலமும் நைலான் சேலையும் பவுடர் டப்பாவும் இருக்கும். போன இடத்தில் கணவன் ஒரு வீட்டுத் திண்ணையில் உறவுகளுக்கு நடுவே. மனைவி இன்னொரு வீட்டு அடுப்படியில். ஓய்வு என்று அதை யாரும் நினைத்ததில்லை, எதிர்பார்த்ததும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கரை

குடும்பங்கள் நிலைகொண்ட பிறகு உள்ளூர்க் கடற்கரைக்குப் போகும் பழக்கம் வந்தது. சாங்கி, பிடோக், காத்தோங், பாசிர் பாஞ்சாங். எலுமிச்சைச் சோறும் பொரித்த கோழியும் கட்டிக்கொண்டு அண்டை வீட்டாரோடு கூட்டமாகப் போவார்கள். ஆண்களும் பையன்களும் தண்ணீரில் இறங்குவார்கள். பெண்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அலையில் நின்றுவிட்டு மரநிழலுக்கு வந்துவிடுவார்கள். நனைந்த சேலையோடு பேருந்தில் எப்படி வீடு திரும்புவது என்ற கவலை ஒரு பக்கம். "வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிடுவே" என்ற குரல் இன்னொரு பக்கம்.

தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது முதல் வடக்கே போக வழி இருந்தது. வசதியுள்ளவர்கள் போர்ட் டிக்சன் கடற்கரைக்கோ பினாங்குக்கோ போனார்கள். 1967-இல் கடற்பாலத்தின் இரு முனையிலும் கடப்பிதழ்ச் சோதனை வரும் வரை, ஜோகூரைத் தாண்டுவது வெளிநாட்டுப் பயணமாகவே தோன்றியதில்லை. ஆனால் அந்தப் பயணங்களிலும் அத்தை, மாமா, பிள்ளைகள் என்று வண்டி நிறைந்திருக்கும். இருவர் மட்டும் கிளம்பினால், "என்ன விசேஷம்?" என்று கேட்கும் காலம் அது.

1972-உம் 2004-உம்

1972-இல் மூன்று காரியங்கள் நடந்தன. மலேசியா-சிங்கப்பூர் விமான நிறுவனம் இரண்டாகப் பிரிந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனியே பறக்கத் தொடங்கியது. ராணுவத் தீவாக இருந்த பிளாக்காங் மாத்தியை செந்தோசா என்ற விடுமுறைத் தீவாக்குவதற்கு ஒரு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. மாலத்தீவு தன் முதல் உல்லாச விடுதியைத் திறந்தது. அன்று இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகள். பின்னாளில் ஒரு சிங்கப்பூர்த் தமிழ்த் தம்பதி ஒரே விடுமுறையில் இவற்றைச் சேர்த்து அனுபவிக்கப்போவதை அன்று யார் எண்ணியிருப்பார்கள்?

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரின் கரையும் இடம் மாறிக்கொண்டிருந்தது. 1966-இல் தொடங்கிய கிழக்குக் கரை நில மீட்பு, காத்தோங்கையும் பிடோக்கையும் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளியது. 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. வீடும் விமான நிலையமும் துறைமுகமும் தந்த மண் அது. குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய கரைகள் மறைந்தன. தொடர்ந்து மண் கொட்டியதிலும் ஆழப்படுத்தியதிலும் நீர் கலங்கியது. கிழக்குக் கரைப் பூங்காவில் நின்று பார்த்தால் அடிவானம் முழுக்க நங்கூரமிட்ட கப்பல்கள். ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் தீவில் இருப்பவர்கள் வெயிலும் கடலும் தேடி ஏன் இன்னொரு தீவுக்குப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி விடை இருக்கிறது. அடி மணல் தெரியும் தெளிந்த நீர் அவர்களுக்கு வேண்டும்.

மீதி விடை நேரத்தில் இருக்கிறது. 1968-இன் வேலை நியமனச் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு இடம்பெற்றது. 1981-இல் சாங்கி விமான நிலையம் வந்தது. கப்பல் வழி 1980களின் நடுவில் முடிந்தது. ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-இல் தீ விபத்தில் பல உயிர்களைப் பறிகொடுத்து, அத்தோடு நின்றுபோனது. 1990களில் பிந்தான் விடுதிகள் எழுந்தன. தானா மேரா முனையத்திலிருந்து ஒரு மணி நேரப் படகில் இந்தோனேசிய மணலில் கால் வைக்கலாம் என்றானது.

பெரிய திருப்பம் 2004. அந்த ஆண்டு அரசாங்க ஊழியருக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்று ஆனது. பல தனியார் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதே ஆண்டில் சாங்கியிலிருந்து மலிவுக் கட்டண விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. சனிக்கிழமையும் கிடைத்தது, டிக்கெட்டும் கைக்கெட்டியது. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் விடுமுறை, ஆசிரியைக்கும் தாதிக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் சாத்தியமானது.

அந்த ஆண்டின் முடிவில், டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை வந்தது. சிங்கப்பூரர்கள் ஓய்வெடுக்கப் போயிருந்த புக்கெட்டையும், அவர்களுடைய முன்னோர் கப்பல் ஏறிய நாகப்பட்டினத்தையும் ஒரே காலைப்பொழுதில் அடித்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் விடுமுறைக் கரையும் நம் பூர்விகக் கரையும் ஒரே நீரின் இரு ஓரங்கள் என்று அன்று தெரிந்தது.

இன்றைய இருவர்

இன்று திட்டம் போடுபவர் பெரும்பாலும் மனைவி. அவருக்கும் சம்பளம் உண்டு, விடுப்பு உண்டு, எந்த விடுதி என்பதில் கருத்தும் உண்டு. பள்ளியில் நீச்சல் கற்ற தலைமுறை இது. கணவன் தயங்கினாலும் முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க முதலில் இறங்குவது அவராக இருக்கலாம். பாட்டி மரநிழலிலிருந்து பார்த்த கடலுக்குள் பேத்தி முகத்தை நுழைத்து மீன்களைப் பார்க்கிறாள் என்பது சிறிய செய்தி அல்ல.

ஆனாலும் நம் வழக்கங்கள் கூடவே பயணம் செய்கின்றன. மேற்கத்தியர் மணலில் படுத்து நண்பகல் வெயில் காயும்போது நம்மவர்கள் அறைக்குள் இருப்பார்கள். காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் வெளியே வருவார்கள். பாலிக்குப் போனால் கடற்கரையோடு தானா லோட்டும் உலுவாத்துவும் சேரும். அலை மோதும் பாறைமேல் கோயில் என்றால் தமிழருக்கு ஒரு கும்பிடு போடாமல் நகர முடியுமா? சைவம் சாப்பிடுபவர்கள் பெட்டியில் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் மறக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை திருச்சிக்கோ சென்னைக்கோ போவதும் நிற்கவில்லை. பல வீடுகளில் ஊருக்கு என்று ஒரு பயணம், தங்களுக்கு என்று ஒரு பயணம் எனக் கணக்கு இரண்டாகிவிட்டது. அந்த இரண்டாவது கணக்கைத் திறக்க முந்தைய தலைமுறைக்குத் துணிவு வரவில்லை. வந்திருந்தாலும் யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

2020-இல் எல்லைகள் மூடியபோது அந்தக் கணக்கு எவ்வளவு ஆழமாகப் போய்விட்டது என்பது புரிந்தது. அந்த நவம்பரிலிருந்து மரினா பேயிலிருந்து புறப்பட்டு எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் திரும்பிவரும் சொகுசுக் கப்பல்கள் ஓடின. அதிலும் மக்கள் ஏறினார்கள். ரஜூலாவில் போய்ச் சேர வேண்டிய இடம்தான் எல்லாம். பயணம் பொறுத்துக்கொள்ள வேண்டிய துன்பம். இந்தக் கப்பல்களிலோ போய்ச் சேர இடமே இல்லை. சேர்ந்திருக்கும் இரண்டு மூன்று நாள்களுக்காகவே கடலில் மிதந்தார்கள்.

இன்னும் அன்றிலேயே இருப்பவர்கள்

அதே மாதங்களில் தீவின் ஓரங்களில் இருந்த தங்குவிடுதிகளில் வெளிநாட்டு ஊழியர்கள் வெளியே நடமாட முடியாமல் இருந்தார்கள். 2021 செப்டம்பரில்தான் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு வந்து போக ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். அதே ராமநாதபுரம், அதே தஞ்சாவூர், அதே புதுக்கோட்டை.

வேலை அனுமதிச் சீட்டில் வருபவர் மனைவியை இங்கே அழைத்துவர முடியாது. குடும்பத்தை அழைத்துவர வேறு வகை அனுமதியும், மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளமும் வேண்டும். கட்டுமானத் தளத்தில் நிற்பவருக்கு அது எட்டாத எண். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில், முஸ்தபா கடை வாசலில், ரேஸ்கோர்ஸ் சாலைப் புல்வெளியில் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மனைவியோடும் பிள்ளையோடும் பேசுபவர்களைப் பார்க்கலாம். கடிதம் காணொளியாகிவிட்டது. முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. கடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

விடுமுறைக்குப் போகும் தம்பதிகளைக் குற்ற உணர்வு கொள்ளச் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் போக வேண்டும். இரண்டு தலைமுறை பிரிந்து வாழ்ந்த குடும்பங்களில், இருவர் கவலையின்றி ஒரு கரையில் சேர்ந்து நடப்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு சமூகம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அது எட்டிய தீவுகளின் தொலைவால் நான் அளக்க மாட்டேன். உழைக்கும் கணவனும் மனைவியும் ஆண்டில் எத்தனை நாள் வேலையை மறந்து சேர்ந்திருக்க முடிகிறது என்பதே என் அளவுகோல். அந்த அளவில் நம்மில் ஒரு பகுதியினர் நெடுந்தூரம் வந்துவிட்டோம். இன்னொரு பகுதியினர் 1931-க்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை உண்டு. ஊழியர் தம் ஆண்டு விடுப்பைச் சேர்த்து ஒரே தடவையாக எடுத்துக்கொள்ளலாம் என்ற உறுதி, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வர விமான டிக்கெட், திரும்பி வந்தால் அதே வேலை இருக்கும் என்ற நம்பிக்கை. மலிவு விமானக் காலத்தில் இவை ஒரு நிறுவனத்தைச் சாய்த்துவிடும் செலவுகள் அல்ல. ரஜூலாவில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த நகரத்தின் பல அலுவலகங்களில் வேலை ஒப்பந்தம் எழுதும் நாற்காலியில் இருக்கிறார்கள். தாத்தா பாட்டிக்குக் கிடைக்காததை அவர்கள் தங்கள் வாழ்வில் பெற்றுவிட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் இந்த மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லி முதலில் கேட்க வேண்டியவர்களும் அவர்களே.