ஓட்டிசப் பிள்ளைகளும் ஆடற்கல்வியும்: ஒரு சமூகவியல் நோக்கு

ஆடலும் பாடலும் மனிதரின் கூட்டுழைப்பிலிருந்து பிறந்தவை என்பது மார்க்சிய அழகியல் பயின்றோர் நன்கறிந்த கருத்து. உழைப்பின் தாளம் பற்றி ஜேர்மானியப் பொருளியலாளர் கார்ல் பியூஷர் 1896 இல் வெளியிட்ட நூலும், அதனை மேலெடுத்துச் சென்று ஜோர்ஜ் தொம்சன் 1945 இல் எழுதிய ‘மார்க்சியமும் கவிதையும்’ என்னும் சிறுநூலும் இக்கருத்துக்கு அடித்தளமிட்டவை. பேர்மிங்ஹாமில் தொம்சனிடம் ஆராய்ச்சி செய்த பேராசிரியர் கைலாசபதி வாயிலாக அது நமது பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றிற்று. பலர் சேர்ந்து பாரம் இழுக்கும்போது உடல்கள் ஒரே வேளையில் அசைய வேண்டியுள்ளது. அவ்வசைவை ஒழுங்குபடுத்திய ஓசை தாளமாயிற்று. தாளம் உழைப்பினின்றும் பிரிந்து ஆட்டமாயிற்று என்பது இதன் சாரம்.

இதனை நாம் ஏற்றுக்கொள்கிறோம். எனினும் இக்கோட்பாட்டினுள் மறைந்து கிடக்கும் ஒரு வினாவை நாம் போதியளவு எண்ணிப் பார்த்ததில்லை. கூட்டத்தின் தாளத்தோடு சேர இயலாத உடலுக்கு ஆடலில் இடம் உண்டா? ஓட்டிசப் பிள்ளைகளுக்கு ஆடல் வகுப்புகள் நடத்தும் முயற்சி உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ள இக்காலத்தில், இவ்வினா வெறும் அழகியல் வினா அன்று.

ஓட்டிசம் என்பதற்குத் தமிழில் மதியிறுக்கம் என்ற சொல்லும் வழங்குகிறது. மதி இறுகிப்போயிற்று எனப் பொருள்படும் அச்சொல், பிள்ளைமீது தீர்ப்பொன்றைச் சுமத்துவதாகவே நமக்குப் படுகிறது. ஆதலின் அதனைத் தவிர்த்துள்ளோம். ஐக்கிய அமெரிக்காவில் குழந்தை உளமருத்துவர் லியோ கன்னர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943 இல் எழுதிய கட்டுரையின் பின்னரே இது மருத்துவ உலகில் தனியொரு நிலையாக நன்கறியப்பட்டது. இது தொற்றி வந்து மாறும் நோயன்று. வாழ்நாள் முழுவதும் தொடரும் வளர்ச்சி வேறுபாடு. பேச்சிலும் பிறரோடு ஊடாடுவதிலும் தோன்றும் இடர்ப்பாடுகளே பெரிதும் பேசப்பட்டு வந்தன, உடல் பின்தள்ளப்பட்டது. ஆனால் இப்பிள்ளைகளுட் பலருக்குச் சில ஒலிகளும் வெளிச்சமும் தொடுகையும் தாங்கொணாதவை. வேறு சிலருக்கோ அவை எவ்வளவு கிடைத்தாலும் போதாதவை. எதிரில் நிற்பவர் செய்யும் அசைவைப் பார்த்து அவ்வாறே செய்வதும் பலருக்குக் கடினம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில், புலனுணர்வு வேறுபாடு 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தெளிவான குறியாக இடம்பெற்றது.

உடலசைவைக் கல்வியாகவும் சிகிச்சையாகவும் வளர்த்தோரின் வரலாறு முரண்பாடுகள் நிறைந்தது. அதில் முதன்மையான ஒருவர் றூடொல்ஃப் லாபன். அசைவை அதன் பாரம், வெளி, காலம், ஓட்டம் என்னும் கூறுகளாகப் பகுத்து ஆராய்ந்தவர் இவர். நாஜி ஆட்சியில் அரச ஆடல் நிறுவனங்களிற் பணியாற்றி, 1936 ஒலிம்பிக் விழாவை ஒட்டி அவர் அமைத்த பெரும் ஆடல் கொயபல்சின் தடைக்கு உள்ளானபின், 1938 இல் இங்கிலாந்தை அடைந்தார். அங்கு யுத்தகாலத்தில் ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, தொழிற்சாலைகளிற் பெண்கள் பாரமான வேலைகளை ஏற்றனர். முகாமைத்துவ ஆலோசகர் லோறன்ஸ் என்பவரோடு சேர்ந்து, தொழிலாளரின் அசைவுகளை லாபன் ஆராயத் தொடங்கினார். களைப்புக் குறையவும் உற்பத்தி பெருகவும் வழி கூறினார். இருவரும் எழுதிய நூல் 1947 இல் வெளிவந்தது. உழைப்பிலிருந்து பிறந்த தாளம் ஆடல் அறிஞர் ஒருவரின் கைவழியே மீண்டும் தொழிற்சாலைக்குச் சென்றது. இம்முறை அது உழைப்போருக்குரியதாக அன்றி முகாமைத்துவத்துக்குரியதாகச் சென்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே பகுப்பாய்வு வேறொரு திசையிலும் பயணம் செய்தது. லாபனிடம் பயின்ற வெறோனிக்கா ஷேர்போர்ண், கற்றல் இடர்ப்பாடு மிக்க பிள்ளைகளுக்கான அசைவுக் கல்விமுறை ஒன்றை உருவாக்கினார். 1970 ஆம் ஆண்டுச் சட்டம் 1971 இல் நடைமுறைக்கு வரும்வரை, இங்கிலாந்தில் இத்தகைய பிள்ளைகளுட் பலர் கல்விக்குத் தகுதியற்றோர் எனச் சட்டத்தாலேயே ஒதுக்கப்பட்டிருந்தனர் என்பதையும் இவ்விடத்து நினைவுகொள்ளல் வேண்டும். உற்பத்திக்குப் பயன்படார் எனக் கணிக்கப்பட்டோர்க்கு முதலாளித்துவ அரசு பாடசாலைக் கதவைத் திறக்க எத்துணைக் காலம் எடுத்தது!

ஷேர்போர்ணின் வகுப்பில் மேடையில்லை, ஒப்பனையில்லை, இசைகூட இன்றியமையாததன்று. வகுப்பு தரையிலே தொடங்குகிறது. பிள்ளை தரையில் உருள்கிறது. தன் பாரம் முழுவதையும் தரைக்குக் கொடுத்துவிடப் பழகுகிறது. வளர்ந்த ஒருவர் கால் நீட்டி அமர, அவர் மடிக்குள் பிள்ளை சாய்ந்திருக்க, இருவரும் மெல்ல முன்னும் பின்னும் அசைகின்றனர். முகத்துக்கு முகம் நோக்க வேண்டிய கட்டாயம் அங்கில்லை. முதுகு நெஞ்சோடு சேர்ந்திருப்பதே உறவு. தொடுகையைப் பொறாத பிள்ளை போர்வையொன்றில் அமர்ந்து இழுத்துச் செல்லப்படலாம். பின்னர் சம பங்காளிகளாக இருவர் கைகோத்து ஒருவர் பாரத்தை மற்றவர் தாங்கி எழுதல். அதன்பின் ஒருவரையொருவர் எதிர்த்துத் தள்ளிப் பலம் பார்த்தல். தாங்கப்படுதல், பகிர்தல், எதிர்த்து நிற்றல் என்ற இம்மூன்று உறவுகளும் பேச்சு வருவதற்கு முன்பே உடலால் அறியப்படக்கூடியவை. பல வேளைகளிற் பாடசாலையின் மூத்த மாணவரே சிறிய பிள்ளைகளுக்குத் துணையாக அமர்த்தப்பட்டனர். தாயின் குளிர்ந்த மனமே ஓட்டிசத்துக்குக் காரணம் எனும் பொய்யைப் புறூனோ பெற்றல்ஹைமின் 1967 ஆம் ஆண்டு நூல் பரப்பிக்கொண்டிருந்த காலத்திலே, குற்றவாளி தேடாத இம்முறை உருப்பெற்று வந்தமை நமது கவனத்துக்குரியது.

இனி, கையுதறல் என்னும் ஒரேயொரு அசைவை எடுத்து நோக்குவோம். ஓட்டிசப் பிள்ளைகள் பலர் மகிழ்ச்சியிலோ கலக்கத்திலோ கைகளை விரைவாக உதறுவர். அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் 1987 இல் வெளியிட்ட ஆய்வின் வழி புகழ்பெற்ற நடத்தைப் பயிற்சி, வாரத்துக்கு 40 மணி நேரம் வேண்டுவது; அதில் கையுதறல் அகற்றப்பட வேண்டிய பிழை. ஆடற் சிகிச்சையிலோ அது முதல் அடி. 1942 இல் வாஷிங்டனில் உளநோயாளர் மருத்துவமனையொன்றிற் பணி தொடங்கிய நடனக் கலைஞர் மேரியன் சேஸ் காட்டிய வழி இதுவே: நோயாளியை உன் தாளத்துக்கு இழுக்காதே, அவருடைய அசைவை நீ எடுத்துக்கொள். பிள்ளை கையை உதறினால் ஆசிரியரும் உதறுகிறார். கேலியாக அன்று, மறுமொழியாக. பிள்ளை நிறுத்தினால் அவரும் நிறுத்துகிறார். தான் செய்வதற்கு எதிரில் விடை பிறக்கிறது என்பதைப் பிள்ளை கண்டுகொள்ளும் கணத்தில், தனி அசைவு இருவருக்கிடையிலான அசைவாகிறது. மெல்ல மெல்ல வட்டத்திலுள்ள ஏனையோரும் அதனை எடுத்துக்கொள்வர். தானும் ஓட்டிச நிலையினரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்ற்ரன், புரிதலின் குறை ஒரு பக்கத்தது அன்று, இரு பக்கத்தது என 2012 இல் வாதிட்டார். ஆடல் வகுப்பு அவ்வாதத்தைத் தன் நடைமுறையாற் பல தசாப்தங்களுக்கு முன்னரே ஒப்புக்கொண்டிருந்தது எனலாம். தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினாவுக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது: கூட்டத்தின் தாளம் முன்கூட்டியே முடிந்துபோன பொருளன்று, புதிதாகச் சேரும் ஒவ்வோர் உடலும் அதனை மாற்றுகிறது.

ஆயினும் ஆடல் ஓட்டிசத்தைக் குணப்படுத்தும் என விளம்பரம் செய்வோரை நாம் ஏற்க முடியாது. ஜேர்மன் ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 78 பேர் பங்குகொண்டனர். 10 வார ஆடற் சிகிச்சை பெற்றோரிடம் குறிகள் சற்றுக் கூடுதலாகக் குறைந்தபோதிலும், அவ்வேறுபாடு புள்ளியியல் முறைப்படி உறுதிபெறவில்லை. ஆடலுக்கு அண்மையதான இசைச் சிகிச்சை பற்றி 9 நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான பெரிய ஆய்வும், குறிகளின் கடுமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காணவில்லை. இம்முடிவுகளை மறைப்பது அறிவியல் நேர்மையாகாது. ஆனால் இங்கு அளக்கப்பட்டது யாது என்ற வினாவும் எழவே செய்கிறது. குறிகள் குறைந்தனவா என்பதே அளவுகோல். பிள்ளை தன் உடலில் அச்சமின்றி இருந்ததா, அடுத்த கிழமையும் வர விரும்பியதா, வட்டத்தில் தன் அசைவைப் பிறர் ஆடக் கண்டு சிரித்ததா என்பவை அவ்வளவுகோலுக்குள் அடங்கா. மற்றப் பிள்ளைகளை நடன வகுப்புக்கு அனுப்பும்போது நாம் சிகிச்சைப் பயன் கேட்பதில்லையே! ஓட்டிசப் பிள்ளைக்கு மாத்திரம் ஆடல் மருந்தாகத்தான் வரவேண்டும் என்பது என்ன நியாயம்?

நமது நாட்டு நிலைமையையும் தொட்டுச் செல்லவேண்டும். தமிழ் நடுத்தர வர்க்கத்தினரிடையே நடன வகுப்பு என்றால் பரதநாட்டிய வகுப்பே. அதன் முடிவு அரங்கேற்றம். அதன் செலவு யாவரும் அறிந்தது. ஆசிரியரின் அடவை அச்சொட்டாகப் பின்பற்றுவதே அங்கு கல்வி. பிறர் அசைவைப் பார்த்துச் செய்வதே இடர்ப்பாடாக உள்ள பிள்ளையை அவ்வகுப்பில் அப்படியே கொண்டுபோய் நிறுத்தினால், ஏலாதவர் என்ற பெயரை மீண்டுமொரு முறை வாங்கிக் கொடுப்பதே மிஞ்சும். தாளம் உதவும், தட்டுக்கழியின் ஓசையைக் காது பொறுக்குமாயின். ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் அடவுகளிற் சில பிள்ளைகள் பெரும் நிறைவு காணவும் கூடும். ஆனால் வகுப்பின் நோக்கம் மாறவேண்டும். இவ்வகையில் வட்டக்களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும் நமது கூத்துமரபு, படச்சட்ட மேடையைக் காட்டிலும் பொருத்தமான தொடக்கமாகலாம் என்பது நமது கருத்து. அதனைச் செய்து பார்த்தே கூறவேண்டும்.

இதற்குப் புதிய நிறுவனங்கள் வேண்டியதில்லை. நகரத்துத் தனியார் நிலையங்களின் கட்டணம் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு எட்டப்போவதுமில்லை. நடனம் அரசாங்கப் பாடசாலைகளில் ஒரு பாடம். அதற்கென ஆசிரியர்கள் பயிற்றப்படுகின்றனர். பல பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் உள்ளன. நடன ஆசிரியையின் நேரசூசியில் அந்த அலகுக்கெனக் கிழமைக்கு இரண்டு பாடவேளைகளை ஒதுக்குவதற்கு அதிபரின் ஒப்புதலும், வெறுந்தரையுள்ள ஓர் அறையும், துணைக்கு வர விரும்பும் பத்தாம் வகுப்பு மாணவர் சிலரும் போதும்.